கொலுசுக் கட்சியும் செருப்புக் கட்சியும்

இதை முதன்முதலாக என்னிடம் சொன்னது பால் பூத் செல்வக்கனிதான். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின புதன்கிழமை, காலை ஆறேகால் மணி. அரை லிட்டர் பாக்கெட்டை என் கையில் வைத்துவிட்டு, "யக்கா, ஒங்க மவன் பாட்டுக்கு ஊரே ரெண்டு கட்சியா நின்னு சண்டை போடுதாம்லா, தெரியுமா?" என்றாள். சண்டை என்றால் கம்பு, அரிவாள் என்றுதானே நமக்குப் புத்தி போகும்? "யாருக்கும் அடிபட்டுச்சா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அடிதடி இல்லக்கா. எழுத்துச் சண்டை. போன்ல."

எதற்கு முன்பின் தெரியாத உன்னிடம் இதைச் சொல்கிறேன் என்றால், தாயி, உன் காதில் மாட்டியிருக்கிறதிலிருந்து இப்போது கசிந்ததே, அதுதான் அந்தப் பாட்டு. பஸ் வண்ணார்பேட்டை தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கங்கைகொண்டான் வரைக்கும் வாயை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அதை எழுதினது என் மகன். அசரியா. பாட்டுக்குக் கீழே 'அசரி' என்று போட்டிருக்கும், பார்.

ஆமாம், அந்த அசரிதான். நான் பெற்ற பிள்ளை.

இந்தா, முந்திரிக்கொத்து எடுத்துக்கோ. வெட்கப்படாதே. மதுரையில் என் மகள் கெத்சியாள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். தாய்மாமன் வந்து நிற்க வேண்டாமா? அசரி வருவானா, வரமாட்டானா, தெரியவில்லை. நாலு மாதமாக அவன் என் போனை எடுக்கவில்லை. அக்காளிடம் மட்டும் பேசுவான். "அம்மா மைக்கைப் பிடிக்க மாட்டாங்கன்னா வர்றேன்" என்று அவளிடம் சொன்னானாம். கெத்சி அதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, தாயி. முழுசாகக் கேட்டுவிட்டு நீயே சொல்லு.

அன்றைக்கு செல்வக்கனி போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டாள். நான் எட்டாம் வகுப்பு. பாட்டு என்றால் எனக்குக் கோயிலில் பாடுகிற கீர்த்தனையும் ஞானப்பாட்டும்தான். இவன் சென்னையில் பாட்டு எழுதுகிறான் என்று தெரியும். சினிமாப் பாட்டு இல்லை, தனியாகப் பாடிப் போடுகிறார்களே, அது. என்ன எழுதுகிறான், ஏது எழுதுகிறான் என்று நான் கேட்டது கிடையாது. அவன் நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்று ஜெபம் மட்டும் பண்ணுவேன். அதனால் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பாட்டில் முதலில் டொம் டொம் என்று ஏதோ அடித்தார்கள். பிறகு அந்தப் பையன் பாடினான்:

'உன் செருப்புச் சத்தத்தை என் படிக்குத் திருப்பித் தா.'

பால் பாக்கெட் என் கையிலிருந்து நழுவிவிட்டது. செல்வக்கனி, "யக்கா, யக்கா" என்று பிடித்தாள்.

சண்டை அந்த ஒரு வரிக்குத்தான். அவள் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். ஒருத்தன் எழுதியிருக்கிறான், 'ஏன்ப்பா, கொலுசு கிடைக்கலையா? காதல் பாட்டுல செருப்பா?' இன்னொருத்தன், 'இன்னைக்குச் செருப்பு, நாளைக்கு விளக்குமாறு. தமிழ் உருப்பட்ட மாதிரிதான்.' அதற்கு ஒரு பிள்ளை பதில் போட்டிருக்கிறாள்: 'அண்ணா, உங்க தெருவுல எத்தனை பொண்ணு கொலுசு போட்டுருக்கா? எண்ணிட்டு வந்து பேசுங்க.' அதற்குக் கீழே இருநூறு பேர். கொலுசுக் கட்சி என்று ஒன்று, செருப்புக் கட்சி என்று ஒன்று. "நீங்க எந்தக் கட்சிக்கா?" என்று செல்வக்கனி என்னைக் கேட்டாள்.

எனக்கு என்ன கட்சி? அது என் ஜெபமல்லவா!

வண்டி ஆடுகிறது, இந்தக் கம்பியைப் பிடித்துக்கோ. சொல்கிறேன்.

அசரிக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவன் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். பத்தொன்பது மாதம். எங்கே, யாரோடு என்பதெல்லாம் உனக்கு வேண்டாம். அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம், இப்போதும் அதே வீடுதான். வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு, இருபத்திரண்டு படி. அசரி அப்பா டயர் செருப்பு போட்டுக்கொண்டு ஏறினால் முதல் படியிலேயே கேட்கும். அந்தச் சத்தம் நின்றுபோன வீட்டில் ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் இருந்தேன். எங்களிடம் ஒரு பழக்கம், ஜெபத்தை மனசுக்குள்ளே வைக்கமாட்டோம். விடியற்காலை முழங்காலில் நின்று வாய்விட்டுத்தான் சொல்வோம், சொந்த வார்த்தையில், என்ன தோன்றுகிறதோ அது. நான் தினமும் சொன்னது இதுதான்: 'ஆண்டவரே, அவங்க செருப்புச் சத்தத்தை என் படிக்குத் திருப்பித் தாரும்.' பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அசரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான், பார்த்தாயா! பதினெட்டு வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்து எழுதியிருக்கிறான்.

பத்தொன்பது மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என்ன, ஏது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்தேன். அசரி அப்பா சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. குடி கிடையாது, ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் கோயிலில் மூன்றாம் வரிசையில் அவர்கள் தவறமாட்டார்கள்.

ஆக, எனக்குச் சந்தோஷம்தான். அழுகையும்தான். ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும், கொலுசுக் கட்சி, செருப்புக் கட்சி ரெண்டு பேருமே, 'யாருடா அந்தப் பொண்ணு?' என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொண்ணே கிடையாது, தாயி. என் பிள்ளை அப்படி இல்லை.

ஒரு பிள்ளை வந்து போய்க்கொண்டிருந்தது உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது? நிவேதா என்று பேர். இவனோடு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் படித்தவள். சனிக்கிழமை தோறும் புஸ்தகம் வாங்க, கொடுக்க என்று வருவாள். ரெண்டு பேரும் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பாட்டை எடுத்து, இந்த வார்த்தை சரி, இந்த வார்த்தை சொத்தை என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நல்ல பிள்ளை. நான் காப்பி கொடுப்பேன். ஆனால் நம்ம சபைப் பிள்ளை இல்லை, நம்ம ஜனமும் இல்லை. குதிகால் உயர்ந்த செருப்பு ஒன்று போட்டிருப்பாள். இரும்புப் படியில் டக், டக், டக் என்று இருபத்திரண்டு தடவை. தெருவில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், ஞானையா, அதுதான் அசரி அப்பா, அவர்கள் வீட்டுக்கு ஒரு பெண் ஏறிப் போகிறாள் என்று. நான் பக்குவமாகச் சொன்னேன், "பிள்ளே, கீழேயே கழத்திப் போட்டுட்டு வாயேன். கீழ் வீட்டுக்காரங்க சங்கடப்படுறாங்க." கீழ் வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொன்னதில்லை. சின்னப் பொய்தான். அதற்கு ஆண்டவரிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளும் சரியென்று கழற்றிப் போட்டுவிட்டு வந்தாள். மே மாதத்து வெயிலில் அந்தப் படி தோசைக்கல் மாதிரி இருக்கும். உள்ளங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறி வருவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அசரி வெளியே போயிருந்தான். அவளை உட்காரவைத்தேன். ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை, தாயி. சத்தியமாக. அவள் தலையில் கையை வைத்து ஜெபம் பண்ணினேன், அவ்வளவுதான். 'ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு இவ ஜனத்துக்குள்ளேயே ஒரு நல்ல வாழ்க்கையை அமைச்சுக் குடும், என் மகனை விட்டு இவ மனசைத் திருப்பும்' என்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "ஆமென் சொல்லணுமா அத்தை?" என்று கேட்டாள். "உனக்கு இஷ்டம்னா சொல்லும்மா" என்றேன். சொன்னாள். போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. ஓசூரில் மாப்பிள்ளை அமைந்து நன்றாக இருப்பதாகக் கேள்வி. ஜெபம் கேட்கப்பட்டதா, இல்லையா?

அசரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நாள், சனிக்கிழமை சாயங்காலமானால், புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் உட்கார்ந்திருப்பான். காற்று வரும் இடம், படிக்கிறான் என்று நினைத்தேன். அடுத்த மாதமே சென்னைக்குப் போய்விட்டான்.

அவள் கதை அவ்வளவுதான். அதற்கும் இந்தப் பாட்டுக்கும் ஒன்றும் இல்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். எங்கள் சபையில் ஜூன் மாதம் அசனப் பண்டிகை. ஊரே கூடி ஒரே பந்தியில் சாம்பார் சோறு சாப்பிடுவோம். அதற்கு முன்னால் காலையில் பந்தலில் நிகழ்ச்சி. இந்த வருஷம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் பட்டிமன்றம் வைத்தார்கள். 'இக்காலப் பாடல் வரிகள் உள்ளத்தைத் தொடுகின்றனவா? காதைத் துளைக்கின்றனவா?' என்று தலைப்பு. நடுவர் கல்லூரிப் பேராசிரியர் ஒருத்தர். காதைத் துளைக்கிற அணிக்கு இன்சூரன்ஸ் பிரைட்சன் தலைவர். இன்சூரன்ஸ் விற்கிற வாய் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமே. வந்த வேகத்தில் அசரி பாட்டைத்தான் எடுத்தான். என்ன செய்தான் தெரியுமா? மேடையில் நின்றுகொண்டு காலில் கிடந்த செருப்பைக் கழற்றினான். அதை மைக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, மேசையில் ரெண்டு அடி அடித்தான். பட்டு, பட்டு!

"நடுவர் அவர்களே! கேட்டீங்களா? இதுதான் காதல்! இதுதான் கவிதை! நம்ம சபைப் பிள்ளை எழுதினது! இனிமே கல்யாண வீட்டுல தாலிக்குப் பதிலா இதைத்தான் எடுத்துக் குடுக்கணும்!"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எங்கள் சபைப் போதகர் ஐயர்கூடச் சிரித்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். அது இன்னும் மோசம். எதிரணியில் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து, "அது எதார்த்தம், அது நவீனம்" என்று ஏதேதோ சொன்னாள், ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் இருந்து வாலிபர்கள், "கொலுசுக் கட்சி ஒழிக! செருப்புக் கட்சி வாழ்க!" என்று கத்துகிறார்கள். ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் அசரி அப்பா மடியில் கையைக் கோத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

நான் எழுந்து போனேன். என் கால்தான் போனது, நான் போகவில்லை என்று வைத்துக்கோ. எங்கள் சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லுகிறேன் என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள். அது ஆராதனையில். பட்டிமன்றத்தில் யாரும் சாட்சி சொன்னது இல்லைதான். நடுவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "அம்மா எந்த அணி?" என்று கேட்டார். நான், "ஐயா, எனக்கு ஒரு சாட்சி இருக்கு" என்று சொல்லி மைக்கை வாங்கிவிட்டேன்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். "பிரைட்சன் தம்பி, நீ அடிச்ச செருப்பு என் ஜெபம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால என் குடும்பத் தலைவர் வேற ஒரு துணையைத் தேடி எங்களை விட்டுட்டுப் போயிருந்தாங்க. நான் முழங்கால்ல நின்னு கேட்ட வார்த்தை அது. என் மகன் பாயில படுத்துக் கேட்ட வார்த்தை. இது காதல் பாட்டு இல்ல. இதுல எந்தப் பொண்ணும் கிடையாது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டாங்க, அவங்களைத் திருப்பித் தந்தாங்க, இதோ அங்கேதான் இருக்காங்க" என்று கையைக் காட்டினேன். அசரி அப்பா தேடிப் போன அந்தப் பெண் பேரைச் சொல்லவில்லை, தாயி. யாரையும் இழிவுபடுத்தக் கூடாது அல்லவா? கோவில்பட்டி என்று மட்டும்தான் சொன்னேன்.

பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் அழுகை. ஐயர் எழுந்து ஸ்தோத்திரம் சொன்னார். பிரைட்சன் செருப்பைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நடுவர், "தாயின் ஜெபத்துக்கு முன்னால் இனித் தீர்ப்பு எதற்கு?" என்று கூட்டத்தை முடித்துவிட்டார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்தது கிடையாது. எட்டாம் வகுப்புப் படித்தவள் பேராசிரியர் வாயையே அடைத்துவிட்டேன் என்றாள் செல்வக்கனி.

அசரி அப்பா மட்டும் அசனம் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெயில் ஒத்துக்கொள்ளாது அவர்களுக்கு.

யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். என்ன, என் முகத்தை இப்படி உற்றுப் பார்க்கிறாய்? ஆமாம், 'செருப்பு அம்மா' நான்தான். அதையும் பார்த்துவிட்டாயா? நீயும் அழுதாயா? ... பரவாயில்லை, சொல்ல வேண்டாம்.

முதல் ரெண்டு நாள் எல்லாரும் கண்ணீர் விட்டுத்தான் எழுதினார்கள். மூன்றாம் நாள் காற்று திரும்பிவிட்டது. 'அப்போ இந்த வரி அவன் எழுதலையா? அம்மா வார்த்தையைத் திருடினானா?' என்று கொலுசுக் கட்சி. செருப்புக் கட்சியில் நின்றவர்களுக்கு அதைவிடக் கோபம். 'நாங்க எங்க ஆளை நினைச்சு அழுதோம், இவன் ஓடிப்போன அப்பனுக்கா எழுதினான்?' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். எண்ணாயிரம் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்களாம். பிறகு கேலிப் படம். டயர் செருப்பு, அதற்கு மேலே சிலுவை. அசரிக்கு ஒரு சினிமாப் படத்தில் நாலு பாட்டு எழுதக் கேட்டிருந்தார்களாம். அந்தப் பட ஆபீசில் ஒருத்தர், "அடுத்த பல்லவி அம்மா எத்தனை மணிக்கு ஜெபம் பண்ணுவாங்க தம்பி, வந்து குறிச்சுக்கலாமா?" என்று கேட்டாராம். இவன் எழுந்து வந்துவிட்டான். அதோடு அந்தப் படம் போயிற்று. இதெல்லாம் கெத்சி சொல்லித்தான் தெரியும்.

என்னிடம் அவன் ஒரே ஒரு தடவை பேசினான். "அம்மா, ஒங்ககிட்ட யாரு கேட்டா?" என்றான். "மக்கா, அவன் செருப்பை எடுத்து மேசையில அடிக்கான், நான் பெத்தவ பாத்துக்கிட்டா இருக்கணும்?" என்றேன். "அடிச்சா அடிச்சிட்டுப் போறான். அது பாட்டா இருந்துச்சு. இப்ப அது ஒண்ணும் இல்ல" என்றான். எனக்கு விளங்கவில்லை. "நான் உண்மையைத்தானே சொன்னேன்?" என்றேன். போனை வைத்துவிட்டான். அன்றைக்கு மத்தியானம் ஒரு செய்தி அனுப்பினான். ஒரே வரி. இதோ, இன்னும் வைத்திருக்கிறேன். கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது, நீ வாசி. 'அது அப்பா செருப்பு இல்லம்மா.'

பின்னே யார் செருப்பு? நீயே சொல்லு. வார்த்தை என் வார்த்தை. படி எங்கள் படி. கெத்சியிடம் கேட்டேன். அவள், "நெசமாவே ஒனக்குத் தெரியலையாம்மா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? பெண்பிள்ளை செருப்பை யாராவது பாட்டில் எழுதுவார்களா?

ஏன் தாயி, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்?

இது என்ன ஊர், கோவில்பட்டியா? இரு, ஜன்னலை மூடிவிடு. தூசி வரும். கடலைமிட்டாய்க்காரர் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த ஊரில் நான் தண்ணீர்கூட வாங்குவது இல்லை.

அசரி அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதையும் கேட்டுக்கோ. ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயிலுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கேட்டால், "முட்டு வலிக்குது" என்கிறார்கள். இப்போதெல்லாம் வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைக் கீழேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறி வருகிறார்கள். முட்டு வலிக்கு அதுதான் நல்லதோ என்னவோ. வந்ததே தெரிவதில்லை. அடுப்படியில் திரும்பினால் பின்னால் நிற்கிறார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. முந்தாநாள்கூட, "ஒரு சத்தம் குடுத்துட்டு வரப்படாதா?" என்றேன். என்னைப் பார்த்தார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

வேறு யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். விடியற்காலையில் முழங்காலில் நிற்கிறேன். நாட்டை ஆளுகிற ராஜாக்களுக்காக, வியாதியஸ்தருக்காக, கெத்சிக்காக, குழந்தைக்காக எல்லாம் வாயில் தடையில்லாமல் வருகிறது. அசரிக்கு என்று ஆரம்பித்தால் வரமாட்டேன் என்கிறது. அவனைத் திருப்பித் தாரும் என்று கேட்கலாம் என்றால், அந்த வார்த்தையை நான் சொன்னால், இப்போது அது யாருடையது? என் வார்த்தையா, அவன் வார்த்தையா? பாட்டுக்காரன் வார்த்தை மாதிரி என் காதிலேயே கேட்கிறது. பாதியிலேயே எழுந்துவிடுகிறேன். நாற்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.

சாத்தூர் தாண்டிவிட்டதா? நீ விருதுநகரில் இறங்க வேண்டும் என்றாயே. அப்படியானால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

நேற்று முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பிரைட்சன் சொன்னான், கை தட்டினவர்கள் சொன்னார்கள், எழுதினவர்கள் எழுதினார்கள். நல்லது என்றும் சொன்னார்கள், கேவலம் என்றும் சொன்னார்கள். அவனைப் பெற்ற நான் இன்றைக்கு வரைக்கும் அவனிடம் அந்தப் பாட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லவே இல்லை. அது என் ஜெபம் என்றேன். உங்க அப்பா செருப்பு என்றேன். அவன் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினானாம், கெத்சி சொன்னாள். பால் பூத்தில் அந்த ஒரு வரியோடு செல்வக்கனி நிறுத்திவிட்டாள், நானும் மேலே கேட்கவில்லை. மீதியை இப்போது உன் காதிலிருந்து கசிந்ததில்தான் கேட்டேன், கங்கைகொண்டான் வரைக்கும். கடைசியில் படியை யாரோ கழுவிவிடுகிற மாதிரி வருகிறதே, ஒரு காலடியும் இல்லாத படி என்று... அது என் வார்த்தை இல்லை. அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அது அவனுக்கு எங்கிருந்து வந்ததோ.

என் போனில் எழுதினால் என் படம் வந்துவிடும், கெத்சி வைத்துக் கொடுத்தது. பார்த்தவுடன் அழித்துவிடுவான். உன் போனிலிருந்து எழுது. கீழே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள் பார், அந்த இடத்தில். அம்மா என்று போட வேண்டாம். ஜெபம், கர்த்தர் ஒன்றும் வேண்டாம். செருப்பைப் பற்றியும் வேண்டாம். மக்கா என்று போட்டால் கண்டுபிடித்துவிடுவான், தம்பி என்று போடு.

'தம்பி, பாட்டு நல்லாயிருக்கு.' அவ்வளவு மட்டும் எழுதிவிட்டு இறங்கு, தாயி.